சர்வீஸ் லிஃப்டிலிருந்து தொடங்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஓ.எம்.ஆரில் 14-ஆம் மாடி ஆபீஸின் இன்டீரியர் வேலையை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். நீ அனுப்பிய டிசைன் படங்களையும் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு படத்திலும் சர்வீஸ் லிஃப்டைக் காணோம். உன் வேலை எத்தனை நாளில் முடியும் என்பதை முடிவு செய்யப்போவது அதுதான்.

முதலில் டேப்போடு போய் லிஃப்டின் உள்ளளவு, கதவின் உயரம், தாங்கும் எடை மூன்றையும் எழுதிக்கொள். பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. கதவு 7 அடிதான் என்றால் சாய்த்துத்தான் ஏற்ற வேண்டும். சாய்க்க உள்ளே ஆழம் இருக்கிறதா? கண்ணாடி பார்ட்டிஷனைத் தரையிலிருந்து சீலிங் வரை ஒரே துண்டாக வரைந்திருக்கிறார்கள். டஃபன்டு கண்ணாடியைச் சைட்டில் வெட்ட முடியாது. வெட்டுவதும் துளை போடுவதும் உலைக்குப் போகும் முன்பே முடிந்துவிட வேண்டும். லிஃப்டில் ஏறாததைப் படிக்கட்டில் 14 மாடி தூக்க வைத்தால் கூலி ஒருபக்கம், ஒவ்வொரு திருப்பத்திலும் அது உடையாமல் வர வேண்டுமே! ஆர்டர் போவதற்குள் டிசைனரிடம் பேசி, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்து இரண்டு துண்டாக்கிவிடு.

மற்ற மாடிகளில் ஆபீஸ் நடந்துகொண்டிருப்பதால் டிரில்லிங்கும் உடைப்பும் பெரும்பாலும் இரவில்தான் விடுவார்கள். சாமான் ஏற்றுவதும் அதே நேரத்தில்தான். ஏசிக்காரர், எலக்ட்ரிக்கல்காரர், தச்சர் எல்லோருக்கும் ஒரே லிஃப்ட். யாருக்கு எந்த மணி என்று ஒரு நோட்டுப் போட்டு, அதைப் பார்க்க ஓர் ஆளை நிறுத்து. ஜிப்சம் போர்டை இறக்கிவிட்டுக் காலியாகக் கீழே போகும் லிஃப்டில் குப்பை மூட்டைகள் போகட்டும். குப்பைக்கென்று தனி நேரம் கேட்டால் கிடைக்காது.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி. புதிய கட்டடங்களில் பல போஸ்ட் டென்ஷன் ஸ்லாப். கான்கிரீட்டுக்குள் கட்டுக்கட்டாக எஃகு இழைகளை ஜாக்கி போட்டு இழுத்துப் பூட்டியிருப்பார்கள். 12.7 மி.மீ. தடிமனுள்ள ஒற்றை இழையே சுமார் 14 டன் இழுவையில் நிற்கும். டிரில் பிட் அதை அறுத்தால் ஸ்லாபின் பலம் குறையும். இழை சீறி வெளியே வந்து ஆளையும் அடிக்கலாம். ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கைக் கட்டட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கு. ஸ்கேன் செய்து இழை ஓடும் பாதையைச் சாக்பீஸால் குறித்த பிறகே ஆங்கர் அடிக்க விடு. டிரில்லில் ஆழத்தை மட்டுப்படுத்தும் கம்பி இல்லாமல் யாரும் ஏணியில் ஏறக்கூடாது. ‘கொஞ்சம்தான் சார்’ என்பவனை முதலில் இறக்கு.

சீலிங்குக்கு மேலே இடச்சண்டை வரும். முன்னால் வந்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்வான். அந்த முன்னால் வருபவன் எப்போதும் கேபிள்காரன்தான். கேபிளை எப்படியும் வளைக்கலாம். டக்ட் வளையாது, ஏசி டிரெயின் பைப்புக்கு வாட்டம் வேண்டும். ஆகவே அவை இரண்டும் முதலில், அடுத்து ஸ்பிரிங்க்ளர் பைப், கேபிள் ட்ரே கடைசியில். இதற்காக உனக்குக் கெட்ட பெயர் வந்தாலும் பரவாயில்லை.

ஸ்பிரிங்க்ளர் பைப்பை மாற்றத் தண்ணீரை வடிக்கும் நாட்களில் வெல்டிங்குக்குப் பெர்மிட் எழுதாதே. ஸ்பிரிங்க்ளர் தலையிலுள்ள சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரியில் உடையும்படி செய்தது. அதன்மேல் பெயின்ட் பட்டால் துடைத்துப் பயனில்லை, தலையையே மாற்றச் சொல். தூசி புகாமலிருக்கப் புகை டிடெக்டர்களுக்குப் பிளாஸ்டிக் மூடி மாட்டுவார்கள். எத்தனை மாட்டினார்கள் என்று எழுதி வைத்து, சாவியை ஒப்படைக்குமுன் அத்தனையும் உன் கைக்கு வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்.

அன்புடன்,
மாமா