கொதிக்கும் கல்லும் அகச்சிவப்புக் கதிரும்

காஞ்சிபுரத்துச் சாயக்காரர்களுக்கு நல்ல தண்ணீரின் அருமை தெரியும். சாயம் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலைச் சோப்பு நீரில் காய்ச்சுவார்கள். நூலின் மேல் பட்டுப் புழு பூசிவைத்த 'செரிசின்' என்னும் பசை அப்போது நீங்கும். கச்சாப் பட்டின் எடையில் கால் பங்கு வரைகூட இந்தப் பசை இருக்கும். அது போனால்தான் மினுமினுப்பு வரும். சாயமும் சீராகப் பிடிக்கும். ஆனால் தண்ணீர் கடினநீராக இருந்துவிட்டால்? அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் அயனிகள் சோப்புடன் சேர்ந்து திரிதிரியாகப் படியும். சோப்பும் வீண், நூலும் மங்கும்.

கடினநீரை மென்னீராக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதுதான் சியோலைட்டு. 1756-இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலார் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது அது நீராவியைக் கக்கிக் கொதிப்பதுபோல் பொங்கியது. ஆகவே கிரேக்கத்தில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். நம் நாட்டில் புணே, நாசிக் பக்கத்துக் கருங்கல் குவாரிகளில் அழகான சியோலைட்டுப் படிகங்கள் கிடைக்கின்றன. இன்று தொழிலுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி ஆலைகளில் செய்யப்படுபவை. சலவைத்தூள் பலவற்றில்கூட இது உண்டு.

சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்கள் கோத்து நெய்த கூண்டு என்று சியோலைட்டைச் சொல்லலாம். கூண்டுக்குள் வாசல்களும் நடைபாதைகளும் உண்டு. இசட்.எஸ்.எம்.-5 என்ற சியோலைட்டில் வாசலின் அகலம் ஏறத்தாழ 0.55 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர்! சிலிக்கன் இருக்கவேண்டிய இடத்தில் அலுமினியம் அமரும்போதெல்லாம் கூண்டுக்கு ஓர் எதிர்மின்னேற்றம் வந்துவிடுகிறது. அதை ஈடுசெய்ய ஒரு நேர்மின் அயனி உள்ளே வந்து தங்கவேண்டும். சோடியம் தங்கியிருக்கும் கூண்டுக்குள் கடினநீரை விட்டால் கால்சியம் உள்ளே போய், சோடியம் வெளியே வருகிறது. கூண்டில் செம்பையோ வெள்ளியையோகூட இப்படிக் குடிவைக்கலாம்.

இனித்தான் சிக்கல். உள்ளே தங்கியிருக்கும் உலோக அயனி எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சரிகையில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று எக்ஸ் கதிரை வீசிச் சொல்லும் கருவிகள் உண்டு. பட்டுப் புடவை வாங்குவோருக்கு அது போதும். வேதியியலாருக்குப் போதாது. செம்பு குப்ரிக் அயனியாக இருக்கிறதா, குப்ரஸ் அயனியாக இருக்கிறதா என்பதல்லவா அவர் கேள்வி?

அவர் ஓர் ஒற்றனை உள்ளே அனுப்புகிறார். ஒற்றனின் பெயர் கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் கரியடுப்பு எரிந்தால் ஆளைக் கொல்லும் அதே நச்சு வாயுதான்; ஆகையால் இது ஆய்வுக்கூடத்தில் மட்டும் செய்யும் சோதனை. இரண்டே அணுக்களைக் கொண்ட இந்த மூலக்கூற்றைச் சுருள்வில்லால் இணைத்த இரு குண்டுகளாக எண்ணிக்கொள்ளுங்கள். வில் ஓயாமல் நீண்டு சுருங்கி அதிர்கிறது. வினாடிக்குச் சுமார் 64 லட்சம் கோடித் தடவை. இதே அதிர்வெண் உள்ள அகச்சிவப்புக் கதிர் வந்தால் மூலக்கூறு அதை விழுங்கிக்கொள்ளும். கதிரின் நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும்.

இவ்வளவு பெரிய எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பது தொல்லை. எனவே, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் அடங்கும் என்று கணக்கிட்டு அதை 'அலை எண்' என்கிறார்கள். தனித்திருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவின் அலை எண் 2143. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீணைத் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுகிறது, தளர்த்தினால் இறங்குகிறது. கார்பன் மோனாக்சைடு ஒரு நேர்மின் அயனியின் அருகே போய் ஒட்டும்போது அயனியின் மின்புலம் அதன் பிணைப்பை இறுக்குகிறது. உடனே அலை எண் ஏறுகிறது. இசட்.எஸ்.எம்.-5 கூண்டில் பொட்டாசியம் இருந்தால் சுமார் 2166. அதைவிடச் சிறிய சோடியம் இருந்தால் 2178. இன்னும் சிறிய லித்தியம் இருந்தால் 2190-ஐ ஒட்டி வருகிறது. அயனி சிறுக்கச் சிறுக்க மின்புலம் வலுக்கிறது என்பதை எண்களே சொல்லிவிடுகின்றன. இரட்டை மின்னேற்றமுள்ள நிக்கல் போன்ற அயனிகளுக்கு 2200-ஐயும் தாண்டும். இந்தத் தொடர்பை 1966-இல் ஏஞ்செல், ஷாஃபர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பல அயனிகளைக் கொண்டு விளக்கிக் காட்டினர்.

சோதனை எப்படி நடக்கிறது? சியோலைட்டுத் தூளை அழுத்தி மெல்லிய வில்லையாக்குகிறார்கள். கண்ணாடி அகச்சிவப்பை விழுங்கிவிடும் ஆதலால், கால்சியம் ஃபுளோரைடு போன்ற உப்புப் படிகத்தால் சன்னல் வைத்த கலத்தில் வில்லையை வைக்கிறார்கள். காற்றை இறைத்துவிட்டு 400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். இல்லாவிட்டால் அயனியைச் சுற்றிக் கூட்டமாய் நிற்கும் நீர் மூலக்கூறுகள் ஒற்றனை அண்டவிடா. பிறகு குளிர வைத்துச் சிறிதளவு வாயுவை விடுகிறார்கள். சோடியம் போன்றவற்றில் பிடிப்பு மிகவும் தளர்வானது. திரவ நைட்ரஜனால் -196 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் நன்றாகத் தெரியும்.

செம்பு மட்டும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. குப்ரஸ் அயனியில் ஒட்டிய கார்பன் மோனாக்சைடின் அலை எண் 2157 மட்டுமே, பொட்டாசியத்தைவிடவும் குறைவு! ஆனால் பிடிப்போ மிக வலுவானது. காரணம், குப்ரஸ் அயனி தன் எலெக்ட்ரான்களில் சிறிது பங்கைக் கார்பன் மோனாக்சைடுக்குக் கொடுக்கிறது. அது உள்பிணைப்பைத் தளர்த்துகிறது. ஒரு கை தந்தியை முறுக்க, மறு கை தளர்த்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதைத் தெரிந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் புதிய டீசல் லாரிகளைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபின் அவற்றில் பலவற்றுக்கு யூரியாக் கரைசலுக்கென்று தனித்தொட்டி உண்டு. யூரியாவிலிருந்து பிறக்கும் அமோனியா, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றவேண்டும். அதற்கான வினையூக்கிகளில் செம்பு ஏற்றிய சியோலைட்டு ஒரு முக்கிய வகை. அதன் உள்ளே செம்பு குப்ரிக்காகவும் குப்ரஸாகவும் மாறிமாறி வேலை செய்கிறது. எந்த நிலையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெரிந்தால்தான் அதைத் திருத்தமுடியும். இங்கே நைட்ரிக் ஆக்சைடையே ஒற்றனாக அனுப்பலாம். தனித்த வாயுவுக்கு 1876. குப்ரிக் அயனியில் 1900-ஐ ஒட்டியும் குப்ரஸ் அயனியில் 1810-ஐ ஒட்டியும் வரும். குழப்பத்துக்கே இடமில்லை.

ஆனால் ஒரு பொறி உண்டு. நீரைப் போக்க வெற்றிடத்தில் சூடாக்கினோம் அல்லவா? அந்தச் சூட்டிலேயே குப்ரிக் அயனிகளில் ஒரு பகுதி குப்ரஸாக மாறிவிடுகிறது. அதாவது, பார்ப்பதற்கு ஏற்பாடு செய்வதே பார்க்கவேண்டியதை மாற்றிவிடுகிறது! இதனால்தான் இந்நாளைய ஆய்வாளர்கள் வெற்றிடக் கலத்தோடு நிற்காமல், வினை நடந்துகொண்டிருக்கும் போதே கதிரைச் செலுத்திப் பார்க்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு புதிர். சீசியம் பெரிய அயனி. அதில் ஒட்டிய கார்பன் மோனாக்சைடும் ஏறக்குறைய 2157-இலேயே பள்ளம் காட்டும். கலத்தில் இருப்பது சீசியமா, குப்ரஸ் அயனியா? கலத்தை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து பம்பை ஓடவிடுங்கள். பள்ளம் உடனே மறைந்தால் சீசியம். பம்பு ஓடியும் பிடிவாதமாக நின்றால் செம்பு.