கொடுக்க மனசு வந்தால் பாசம் இல்லையா?

பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்க்குட்டியை வீட்டில் வளர்த்துப் பயிற்சிப் பள்ளியிடம் திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எப்படித்தான் மனசு வருகிறது? என்னால் முடியாதப்பா." பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் உண்மையான பாசம் இருந்தால் பிரிய முடியாது, பிரிகிறவர் கல்நெஞ்சக்காரர் அல்லது முதல் நாளிலிருந்தே ஒட்டாமல் வளர்த்தவர் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அது தவறு. ஒட்டாமல் இருந்து இந்த வேலையைச் செய்யவே முடியாது.

1929இல் தொடங்கப்பட்டு, இன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மோரிஸ்டவுனில் இயங்கும் சீயிங் ஐ என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளி, 1942 முதல் ஃபோர் ஹெச் சிறுவர் மன்றங்கள் வழியாகக் குடும்பங்களிடம் குட்டிகளை ஒப்படைத்து வருகிறது. ஏழெட்டு வாரத்தில் வீடு வரும் லேப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ ஓராண்டுக்கு மேல் அங்கேயே வளரும். சாலையில் வழிகாட்டும் வித்தை பிறகு பள்ளியில் வருவது; வீட்டில் ஊறுவது தைரியமும் நிதானமும். பஸ்ஸின் ஏர் பிரேக் புஸ்ஸென்று இரைந்ததும் குட்டி பின்வாங்குகிறது. கயிற்றைப் பிடித்திருப்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறது. அந்த முகம் பதறவில்லை என்று தெரிந்தபின்தான் அடுத்த அடி வைக்கிறது. உணவகத்தில் மேசைக்கடியில் படுத்திருக்கும்போது மூக்குக்கு முன்னால் உருளைக்கிழங்கு வறுவல் விழுந்தால், எச்சில் ஊறினாலும் தொடாமல் இருக்கப் பழகுகிறது. இந்த நம்பிக்கையை மிரட்டி வாங்க முடியாது. இரவில் எழுந்து வெளியே கூட்டிப்போய், கடித்துக் குதறிய செருப்பைப் பொறுத்து, மாதக்கணக்கில் கூடவே இருந்தவருக்குத்தான் குட்டி அதைக் கொடுக்கிறது. ஆகவே பிரியும்போது வருகிற அழுகை, வளர்த்தவிதம் சரி என்பதற்கான சாட்சி.

சரி, நாயின் கதி? இன்னும் கனமான ஆட்சேபம் இதுதான். நாய் பாவம், கைமாற்றிக் கைமாற்றி அதன் மனத்தை உடைக்கிறார்கள் என்பார்கள். மாறிய முதல் நாள்களில் அதற்குத் தவிப்பே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2006இல் இத்தாலிய ஆய்வாளர்கள், குழந்தைக்கும் தாய்க்குமான பிணைப்பை அறிய உருவான சோதனையை இந்த நாய்களிடம் நடத்திப் பார்த்தார்கள். பழகாத அறையில் உரியவர் வெளியே போய்த் திரும்பும்போது நாய் என்ன செய்கிறது என்று கவனிக்கும் சோதனை அது. வளர்த்தவரையும் பயிற்சியாளரையும் பிரிந்து வந்த நாய்களும் பார்வையற்ற தம் துணைவரோடு பிணைப்பு கொண்டிருந்தன. முந்தைய பிரிவுகள் புதிய பாசத்துக்கான வழியை அடைத்துவிடவில்லை.

அடுத்த குட்டி வந்ததும் துக்கம் போய்விடும் என்ற ஆறுதலும் பொய். புதிய குட்டி பழையதன் இடத்தில் உட்காருவதில்லை. தனக்கென ஓர் இடம் பிடித்துக்கொள்கிறது. பயிற்சியில் தேறாத நாய்களும் கணிசம். பல பள்ளிகள் அவற்றைத் தத்தெடுக்க, வளர்த்தவரிடமே முதலில் கேட்கின்றன. செல்லம் திரும்பி வருகிறதே என்ற மகிழ்ச்சியும், அது போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போகவில்லையே என்ற ஏமாற்றமும் ஒன்றாக வரும். இரண்டுமே நிஜம். தேறிய நாய்களுக்கோ வேறு விடை: கலிபோர்னியாவில் சான் ரஃபேலில் உள்ள வழிகாட்டி நாய்ப் பள்ளியின் பட்டமளிப்பில், வளர்த்தவரே நாயை மேடைக்கு அழைத்துவந்து பார்வையற்றவரிடம் ஒப்படைப்பார். கீழே இறங்கி வருகிறவரிடம் "என்னால் முடியாதப்பா" என்று சொல்ல வேண்டாம். அந்த நாயின் பெயரைக் கேளுங்கள். அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.