செவ்வகத்தில் மட்டும் சரிபார்த்தால் போதுமா?

அன்புத் தம்பிக்கு,

உன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். நாலு கணு ஃபைனைட் எலிமென்டுக்குள் வளைவு மோடுகளைச் சேர்த்து, புரோகிராமையும் நீயே எழுதியிருக்கிறாய். அந்த உள் மோடுகளை எலிமென்ட் மட்டத்திலேயே நீக்கும் பகுதியை இவ்வளவு தெளிவாக எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. மாணவர்களுக்குக் கொடுக்க உன் அனுமதி வேண்டும்.

ஆனால் நீ சோதித்த மெஷ் அத்தனையும் செவ்வகம். கான்டிலீவரின் நுனித் தாழ்வு தியரியோடு ஒத்துப்போனதும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிவிட்டாய். அடுத்த அத்தியாயத்தில் அதே எலிமென்டால் தொட்டியின் மூலையைக் கோணல் மெஷ்ஷில் கணக்கிடுகிறாய். எனக்குக் கோபமே வந்தது.

எட்வர்ட் வில்சன் குழுவினரின் 1973ஆம் ஆண்டு எலிமென்டும் இதே வகைதான். செவ்வகத்திலும் இணைகரத்திலும் வளைவை அழகாகப் பிடித்தது. கோணல் நாற்கரத்தில் பேட்ச் டெஸ்டில் தோற்றது. 1976இல் டெய்லர், பெரஸ்ஃபர்ட், வில்சன் மூவரும், சேர்த்த மோடுகளின் வகையீட்டுக்கு மட்டும் எலிமென்டின் நடுப்புள்ளி ஜகோபியனை எடுத்து அதைச் சரிசெய்தார்கள். உன் புரோகிராமில் அந்த வரியைத் தேடினேன், இல்லை.

பேட்ச் டெஸ்ட் என்பது புரூஸ் அயர்ன்ஸ் தந்த சோதனை. கோணல்மாணலான நாலைந்து எலிமென்டுகளை, உள்ளே ஒரு கணுவாவது இருக்கும்படி சேர். ஓரக் கணுக்களுக்கு நேரியல் இடப்பெயர்ச்சி கொடு. எல்லா எலிமென்டிலும் ஒரே ஸ்ட்ரெயின் வர வேண்டும், கணினி தரும் கடைசித் தசமம் வரை. அரை நாள் வேலைகூட இல்லை.

இன்னொன்று, உன் வண்ணப் படங்கள். நாங்கள் தொழில் கற்றபோது படமே கிடையாது, லைன் பிரின்டர் தாளில் எண்கள்தான். எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர் அடுத்தடுத்த எலிமென்டுகளின் ஸ்ட்ரெஸ்ஸைப் பென்சிலால் வட்டமிட்டுக் கழித்துப் பார்ப்பார். வித்தியாசம் பெரிதென்றால் மெஷ்ஷை மறுபடி வரையச் சொல்வார். இரவு எட்டு மணியானாலும் சரி. நீயோ கணுவில் சராசரி எடுத்து அந்த வித்தியாசத்தையே அழித்துவிட்டாய். சராசரி எடுக்காத படத்தையும் போடு.

நார்வேயின் ஸ்லீப்னர் ஏ கடல் மேடையின் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்ட் 23 அன்று மூழ்கியதே, அங்கும் அறைகள் சந்திக்கும் மூலையில் கோணலான, பெரிய எலிமென்டுகள். கணக்கில் ஷியர் 47 சதவீதம் குறைவாக வந்தது, சுவர் மெலிந்தது. பிறகு கவனமாகச் செய்த கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. நிஜத்தில் உடைந்தது சுமார் 65 மீட்டரில். கவனமாகச் செய்தால் ஃபைனைட் எலிமென்ட் முறை அவ்வளவு நெருக்கமாகச் சொல்லும், தம்பி. உன் தொட்டியில் நீ கணக்கிடுவதும் ஒரு மூலைதான்.

பேட்ச் டெஸ்டை ஓட்டிவிட்டு எண்களை அனுப்பு. தேறாவிட்டாலும் அனுப்பு, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.