மூளைக் கோட்டையும் அதன் காவலரும்

தகடூர் என முன்னாளில் வழங்கிய தருமபுரி, அதியமானது கோட்டையாற் புகழ்பெற்றது. அதனைப் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டு வென்றமை நாம் அறிந்ததே. மாந்தர் உடலகத்தும் ஒரு கோட்டை உண்டு, அது மூளை. அங்குள்ள இரத்தக் குழாய்களின் உட்சுவர் அணுக்கள் இடைவெளியின்றி நெருங்கி நின்று, குருதியில் வரும் நஞ்சையும் கிருமிகளையும் பெரும்பாலும் உட்புகாது தடுக்கின்றன. இம்மதிலை எச்.ஐ.வி. கிருமி கடப்பது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நம் நாட்டில் இக்கிருமித் தொற்று 1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுநீதி சாலமன் அம்மையாரும் அவர்தம் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆராய்ச்சியால் முதன்முதற் புலனாயிற்று. இரத்த மாதிரிகள் முதலிற் சோதிக்கப்பெற்ற இடம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாகும்.

இக்கிருமி மதிலைத் தகர்த்து நுழைவதன்று. தான் பற்றிய வெள்ளணுக்களினுள் ஒளிந்து, காவலர் வேடத்திற் புகும் பகைவனேபோல், தொற்றிய சில நாட்களிலேயே மூளையை எய்தவல்லது. அங்கு நிலையாய்க் காவல்புரியும் மைக்ரோக்லியா என்னும் அணுக்களைப் பற்றுகின்றது. நினைவுக்குக் கருவியாகிய நரம்பணுக்களையோ அது பெரும்பாலும் பற்றுவதில்லை. அங்ஙனமாயின் அவை நலிவதேன்? கிளர்ந்தெழுந்த காவலணுக்கள் சொரியும் அழற்சிப் பொருள்களும், கிருமியின் புரதங்களும் அயலிலுள்ள நரம்பணுக்களைத் தாக்குகின்றன. எதிர்ப்பு வேண்டுவதே, அடங்காத எதிர்ப்போ காக்கவேண்டிய நகரையே எரிக்கின்றது.

இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது சி வகைக் கிருமியாம். அதன் டாட் என்னும் புரதம் வெள்ளணுக்களை ஈர்க்கும் ஆற்றல் குன்றியதெனப் பெங்களூர் ஆராய்ச்சியாளர் 2004இல் வெளியிட்டனர். எனினும் நம் நாட்டார்க்கு அச்சமில்லையெனத் துணிதல் தவறாம். தென்னிந்தியாவில் மருந்து தொடங்காத நோயாளரிடை நிகழ்ந்த பிற்காலச் சோதனைகளில் நினைவும் கவனமும் குன்றியோர் பலர் காணப்பட்டனர்.

2004 ஏப்ரல் முதல் அரசினர் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கி வருகின்றனர். அது கிருமியின் பெருக்கத்தை அடக்குதலால் அழற்சியும் பெரிதும் தணிகின்றது. ஆயின் முற்றும் நீங்குவதில்லை. மருந்தோ நாடோறும் தவறாது உண்ணற்பாலது. நோயோ நினைவைக் குறைக்கவல்லது. இடர் இங்கேயே உளது. ஆதலின் தருமபுரிச் சிற்றூரொன்றில் ஒருவர் மருந்துண்ண மறப்பாராயின், அதனைச் சோம்பலென்று இகழாது, நோயின் குறியாகவும் இருக்கலாமென உணர்ந்து மருத்துவரிடம் உரைத்தலும், வேளைதோறும் நினைவூட்டலும் சுற்றத்தார் கடனாம். இந்நோயாளரை வேற்றுமையாய் நடத்துதலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியுள்ளது. மாணவர்காள்! இகழ்ச்சிக்கு அஞ்சி மறைவில் மருந்துண்பார்க்கு நினைவூட்டுவார் யார்?