கடலுக்குள்ளே மூச்சு முட்டினால்?

மீனுக்குச் செவுள் இருப்பது நம் எல்லாருக்கும் தெரியும். செவுளே இல்லாமல் கடலில் வாழும் பிராணிகளைப் பற்றித் தெரியுமா? ஆமை, டால்பின் என்று நாம் சொல்கிற ஓங்கில், ஆவுளியா என்கிற கடல் பசு ஆகிய மூன்றும் நம்மைப் போல நுரையீரலால்தான் மூச்சு விடுகின்றன. அதனால் அடிக்கடி தண்ணீருக்கு மேலே வந்தே ஆக வேண்டும். வர முடியாவிட்டால் கடலில் வாழும் பிராணி கடலிலேயே மூழ்கிச் செத்துப்போகும்.

இதை நான் புத்தகத்தில் படித்ததோடு சித்தி வாயாலும் கேட்டேன். சித்தியும் சித்தப்பாவும் பங்குனி மாசம் வேதாரண்யத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கிலேயே போனார்கள். இருநூறு கி.மீ.க்கு மேல். நின்று நின்று போனதில் மூணு நாள் ஆச்சு. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல், தொண்டி என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். எல்லாம் பாக் விரிகுடாவின் கரையோரம்தான்.

மல்லிப்பட்டினத்தில் சித்தப்பாவின் கூட்டாளி ஒருவர் இவர்களைத் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வலை எடுக்கப் போனார். கொஞ்ச தூரத்திலேயே "புஸ்" என்று சத்தம். சித்தி பயந்துட்டாங்களாம். பார்த்தால் ஓங்கில் கூட்டம்! ஓங்கிலுக்கு மூக்கு உச்சந்தலையில் இருக்கிறது. மேலே வந்ததும் பழைய காற்றை வேகமாக வெளியே தள்ளும், அந்தச் சத்தம்தான் அது.

வலையை இழுத்தபோது அதில் ஒரு பங்குனி ஆமை சுற்றிக்கொண்டு கிடந்தது. அசையவே இல்லை.

"செத்துப் போச்சாண்ணே?"

"தெரியல தங்கச்சி. மூச்சு முட்டிப் போயிருக்கு. பொறுத்துப் பாப்போம்."

சும்மா ஓய்வாக இருக்கும் ஆமை மணிக்கணக்கில் கூட மூச்சை அடக்கும். ஆனால் வலையில் மாட்டித் துடிக்கும்போது உள்ளே இருக்கிற காற்று சீக்கிரமே தீர்ந்துவிடும். அப்புறம் மயங்கிவிடும். மயக்கமும் சாவும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் செத்ததென்று நினைத்து உடனே கடலில் எறிந்தால் அது நிஜமாகவே மூழ்கிவிடும். அந்த அண்ணன் கத்தியால் வலையை அறுத்தார். ஆமையைக் குப்புற வைத்து, பின்பக்கத்தை ஒரு கட்டைமேல் தூக்கி வைத்தார். நுரையீரலில் போன தண்ணீர் வடியத்தான் இப்படி. ஓட்டின் மேல் ஈரச்சாக்கு போட்டார், மூக்கை மட்டும் மூடவில்லை. வெயில் படாமல் சித்தி குடை பிடித்தார். ரொம்ப நேரம் கழித்து ஒரு துடுப்பு ஆடியது, பிறகு தலையைத் தூக்கி மூச்சு வாங்கியது. நன்றாக அசையும்வரை வைத்திருந்துதான் விட்டார்களாம்.

ஆவுளியா மட்டும் கண்ணில் படவில்லை. நானாக இருந்தால் இன்னும் ஒரு நாள் தங்கியிருப்பேன்! கடல் புல்லைத் தின்னும் இந்தப் பிராணி சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே வரும். சுமார் 13, 14 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் போடும், அடுத்த குட்டிக்குப் பல வருஷம் ஆகும். அதனால் வலையில் ஒன்று செத்தாலும் பெரிய நஷ்டம். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பை ஆவுளியாவுக்கான காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல். அப்போது நாடு முழுக்க சுமார் 240 தான் மிச்சம் என்றார்கள். வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவித்த மீனவர்களுக்குப் பரிசுப்பணமும் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு அறுந்த வலை அந்த அண்ணனுடையது. அதைப் பின்ன ஒரு நாள் வேலை, அந்த நாள் வருமானமும் இல்லை. "ஆமையத் திட்டி என்ன பண்றது? அதுவும் மூச்சுக்குத்தான் மேல வந்துச்சு" என்றாராம்.

நம் பள்ளியில் கடற்கரை ஊரில் சொந்தக்காரர் உள்ளவர்கள் இதைச் சொல்லுங்கள். பிடித்த ஆமையை மல்லாக்கப் போடக் கூடாது. அப்படிப் போட்டால் வயிற்றில் உள்ளதெல்லாம் நுரையீரல் மேல் அமுங்கி அதற்கு மூச்சு விடவே கஷ்டமாகிவிடும்.

- 9ஆம் வகுப்பு மாணவி