அவரை வித்தின் பல தினுசுகளும் அவற்றைப் பேணும் முறையும்

"அவரை விதைத்தால் துவரை விளையுமா?" என்பது பழமொழி. விளையாது என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், எல்லா அவரையும் ஒன்றே என்று எண்ணுவது பிழையாகும். ஒரு கிராமத்தில் பத்து வீட்டுப் பந்தல்களை உற்று நோக்கினால் பூவிலும், காயிலும், விதையிலும், காய்க்கும் பருவத்திலும் பல வேற்றுமைகள் புலப்படும். இவ்வேற்றுமைகள் குடியானவர்களுடைய முதற்பொருள். பணமுதல் குறைந்தால் கடன் பெற்று ஈடுசெய்யலாம். வித்துமுதல் அழிந்தால் எந்தச் சங்கமும் அதைக் கடனாகக் கொடுக்க இயலாது.

பெயரும் இனமும்

அவரை என்னும் பெயர் பூண்டவை யாவும் ஓர் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. வாளவரை, சிறகவரை, கொத்தவரை, சீமையவரை ஆகியவை தனித்தனி இனங்கள். மூக்குத்தி அவரையோ பயறு வகையே அன்று. அது சர்க்கரைவள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. மாறாக, வேறு வேறு பயிர்களாக நாம் கருதும் பந்தலவரையும் மொச்சையும் ஒரே இனமாம். முன்னதைக் காய்க்காகவும், பின்னதை விதைக்காகவும் நம் முன்னோர் தேர்ந்து வளர்த்தனர். விதையின் ஓரத்தில் நீண்டு தோன்றும் வெண்ணிற மூக்கு இவ்விரண்டிற்கும் பொதுவான அடையாளம். இவ்வினத்தின் காட்டு முன்னோர் ஆப்பிரிக்காவில் இன்றும் உள்ளன. தென்னிந்தியாவில் இது 3,000 ஆண்டுகளுக்கு மேலாகப் பயிராகி வருகிறது.

கண்ணுக்குத் தெரியும் வேற்றுமைகள்

படர்கொடியும் உண்டு, குத்துச்செடியும் உண்டு. பூ வெள்ளையாகவோ ஊதாவாகவோ இருக்கும். காய் தட்டையாகவும், அரிவாள் போல் வளைந்தும், உப்பியும் காணப்படும். அதன் நிறம் வெளிர்பச்சை, கரும்பச்சை, ஊதா எனப் பலவாகும். விதை வெள்ளை, பழுப்பு, சிவப்பு, கறுப்பு ஆகிய நிறங்களில் உண்டு. சில மொச்சைத் தினுசுகளின் காயில் எண்ணெய்ப் பிசுக்கும் நறுமணமும் உள்ளன. கன்னட நாட்டின் தென்பகுதியில் இம்மணத்தையே மக்கள் விரும்பி வாங்குகின்றனர்.

பருவ வேற்றுமை இவற்றினும் முக்கியமானது. பழைய தினுசுகளுள் பெரும்பாலானவை பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும். ஆடியில் ஊன்றிய மொச்சை தைப்பொங்கற் குழம்புக்குக் கிடைப்பது இதனாலேயே. ஹெப்பால் அவரை 3, 4 போன்ற புதிய ரகங்களோ பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் எப்பருவத்திலும் பூக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத வேற்றுமை

உருவ வேற்றுமை யாவும் சந்ததிக்குச் செல்லுமா? இவ்வினாவிற்கு 1903ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்து யோஹான்சன் என்னும் விஞ்ஞானி சீமையவரையைக் கொண்டே விடை கண்டார். அவர் 19 விதைகளின் சந்ததிகளைத் தனித்தனியே வளர்த்து எடை பார்த்தார். ஒரு சந்ததியின் விதை சராசரி 640 மில்லிகிராம் அளவும், வேறொரு சந்ததியின் விதை 350 மில்லிகிராம் அளவும் இருந்தன. ஆனால் ஒரே சந்ததிக்குள் பெரிய விதையை விதைத்தாலும் சிறிய விதையை விதைத்தாலும் விளைந்த விதைகளின் சராசரி எடை ஒன்றாகவே இருந்தது. ஆறு தலைமுறை பொறுக்கியும் மாறுதல் இல்லை. ஒரு சந்ததிக்குள் காணும் பருமனும் சிறுமையும் மண், நீர், வெயில் இவற்றால் வந்தவை. சந்ததிகளுக்கிடையே உள்ள பேதமே பரம்பரையாக வருவது.

இதனால் நாம் அறிய வேண்டியது யாதெனில், குவியலில் பருத்த மணியைப் பொறுக்குவதால் மட்டும் ரகம் உயராது. கொல்லையில் நிற்கும்போதே நோயற்றதும் நிறையக் காய்ப்பதுமான செடியைத் தேர்ந்து அதன் விதையை எடுத்தல் வேண்டும்.

காப்பதன் அவசியம்

ஐர்லாந்து தேசத்து ஏழைகள் பெரும்பாலும் ஒரே ரக உருளைக்கிழங்கை நம்பியிருந்தனர். 1845இல் தோன்றிய கருகல் நோய் அதை அழிக்கவே, தொடர்ந்த பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் மக்கள் மாண்டனர். பல தினுசுகள் இருக்குமிடத்தில் ஒன்று வீழ்ந்தாலும் மற்றொன்று நிற்கக்கூடும். புதிய ரகங்களை வேண்டாமென்று சொல்வதற்கில்லை. அவையும் பழைய தினுசுகளின் குணங்களைக் கொண்டே உண்டாக்கப்பட்டவை. பழையன ஒழிந்தால் நாளைய புதிய ரகத்திற்கு மூலம் ஏது?

சங்கங்கள் செய்யத்தக்கவை

1. அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு அவரை, மொச்சை வித்துக்களில் ஒரு பிடி கொணர்ந்து சங்கத்தில் சேர்ப்பிக்கலாம். ஊர்ப்பெயர், பூவின் நிறம், காயின் வடிவம், விதைக்கும் மாதம், காய்க்கும் மாதம், சமையற் குணம் ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் பதிவு செய்க. இவற்றை நன்கறிந்த முதிய மாதரைக் கேட்டு எழுதுதல் நலம்.

2. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். எனினும் வண்டுகளால் சிறிது கலப்பு நேரும். ஆகையால் தினுசுகளைத் தூரமாகப் பயிரிடுக. வெள்ளைப் பூத் தினுசில் ஊதாப் பூச்செடி தோன்றினால் அதன் விதையைச் சேர்க்கலாகாது.

3. ஒரே செடியின் விதையோடு நில்லாமல், நல்ல செடிகள் பலவற்றில் நூல் கட்டி அடையாளமிட்டு, அவற்றின் முற்றிய காய்களையே விதைக்கு விடுக.

4. விதையை நன்கு உலர்த்திச் செம்மண் கட்டியோ சாம்பல் கலந்தோ வைக்க. விதைக்குமுன் நூறு விதையை ஈரச்சாக்கில் முடிந்து, முளைத்தவற்றை எண்ணிப் பார்க்க.

5. விதை வாங்கியவர் அறுவடையில் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருமாறு ஏற்பாடு செய்க. ஒவ்வொரு தினுசையும் இரண்டு வீடுகளிலேனும் வைத்தால் ஒருவர் பயிர் கெட்டாலும் வித்து அழியாது.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை அளிக்கிறது. தம் பாரம்பரிய ரகத்தைப் பதிவு செய்துகொள்ளவும் இடந்தருகிறது. உரிமை இருந்தும் வித்து இல்லையேல் பயன் யாது? ஆகவே, வரும் ஆடிக்குமுன் ஒவ்வொரு சங்கமும் தன் கிராமத்து அவரைகளைக் கணக்கெடுத்து முடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.