சந்தை எட்டுமா? அளந்தறியும் முறை

ஊருக்குத் தார்ச்சாலை வந்துவிட்டால் சந்தையும் வந்துவிட்டதாகவே நம் அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். அரசாங்கக் கணக்கும் ஏறத்தாழ அவ்விதமே அமைந்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், எப்பருவத்திற்கும் உகந்த சாலை 500 மீட்டருக்குள் இருக்குமாயின், சமவெளிக் குடியிருப்பு இணைப்புப் பெற்றதாகக் கொள்ளப்பட்டது. சேற்றில் மூட்டை சுமந்த ஊர்களுக்கு அத்திட்டம் செய்த நன்மை பெரிதுதான். எனினும் சாலை வேறு. அதன் வழியே சென்று எய்தும் பயன் வேறு.

இவ்வேறுபாட்டைக் கணக்கிற்குள் கொணர்ந்தவருள் முக்கியமானவர் அமெரிக்க நாட்டு வால்டர் ஹான்சன். ஓரிடத்திலிருந்து எத்தனை வாய்ப்புகள் எட்டும் என அளக்கும் முறையை அவர் 1959இல் ஒரு கட்டுரையில் வகுத்தார். ஒவ்வோர் இடத்திலும் உள்ள வாய்ப்புகளின் எண்ணிக்கையை அங்குச் செல்லும் நேரத்தால், அல்லது நேரத்தின் ஓர் அடுக்கால், வகுத்துக் கூட்ட வேண்டும்.

ஒரு சிற்றூரிலிருந்து 20 நிமிடத்தில் எட்டும் சந்தையில் 12 வியாபாரிகளும், 60 நிமிடத்தில் எட்டும் நகரில் 60 வியாபாரிகளும் உள்ளனர் எனக் கொள்வோம். நேரத்தால் வகுத்தால் சந்தைக்கு 0.6, நகருக்கு 1, நகரமே மேல். நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தாலோ சந்தைக்கு 0.03, நகருக்கு 0.017, சந்தை மேலாகிவிடுகிறது. இரண்டில் எது சரி? அது சரக்கைப் பொறுத்தது. மடித்து வைத்த சேலை நாளை வரை காத்திருக்கும். பறித்த மல்லிகை காத்திராது. நெசவாளருக்கு முதற்கணக்கும் பூ விளைவிப்போருக்கு இரண்டாவதும் பொருந்தும். இருவரும் உள்ள சங்கத்தில், கொள்முதல் நிலையத்தை எங்கே அமைப்பது என்ற வாதம் ஓயாததற்குக் காரணம் இதுவே. எவரும் பிடிவாதக்காரர் அல்லர்.

நேரம் என்பதைச் சாலையின் நீளத்தைக் கொண்டு கணிப்பது பெரும்பிழை. நிறுத்தம் வரை நடை, பஸ்ஸிற்குக் காத்திருத்தல், சுமையை ஏற்றி இறக்குதல் யாவும் அதில் அடங்கும். பூச்சந்தை காலை ஆறு மணிக்குக் கூட, முதல் பஸ் ஏழு மணிக்கே வருமாயின், அவ்வூருக்கு அச்சந்தையின் மதிப்பு பூஜ்யம்.

நெதர்லாந்து அறிஞர் இருவர் 2004இல் நிலப் பயன்பாடு, போக்குவரத்து, காலம், தனியாள் நிலை என நான்கு கூறுகளையும் சேர்த்தே அளக்க வேண்டுமெனக் காட்டினர். கடைசிக் கூறு நம்மவர் மறப்பது. 2021இல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. புதுச்சாலை ஒன்றும் போடாமலே, கூலிக்கு நெய்யும் பெண்ணுக்கு எட்டும் இடங்கள் பெருகின.

நிலையத்திற்கு இடம் தேடும் சங்கத்தார், தீர்மானம் எழுதுமுன் ஒரு வாரம் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் குறித்து வரச் செய்வது நலம். மோட்டார் சைக்கிள் உள்ளோர், இல்லாதோர், மகளிர் ஆகியோருக்குத் தனித்தனிப் பத்திகள் வேண்டும். மூன்றையும் கூட்டிச் சராசரி கண்டால், வண்டி வைத்திருப்பவர் வாசலுக்கே நிலையம் போய்ச் சேரும்.